ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது, எனக்கு 80,000 ரூபாய் போனது: இங்கிருந்து என்எஃப்எல் பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள்

2023 டிசம்பரில் சியாட்டிலுக்குப் போய் ஒரு ஃபுட்பால் ஆட்டம் பார்த்தேன். அமெரிக்கர்கள் சொல்லும் ஃபுட்பால், அதன் பெரிய லீக்தான் என்எஃப்எல். அந்த ஒரு ஆட்டத்துக்காக நான் பட்ட பாட்டையும், அதற்கு முன்னால் அந்த சீசன் முழுக்க சென்னையில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்த கதையையும் எழுதிவைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. கிரிக்கெட் என்றால் தெருமுனை டீக்கடையில் கேட்டாலே பதில் வரும். இதற்குக் கேட்க ஆளே இல்லை. தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஆங்கிலத்தில் தேடினால் எல்லாம் அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பவர்களுக்காக எழுதியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2013இல். ஆன்சைட் வேலைக்காக பெல்வியூவில் இருந்தேன், ஏரிக்கு அந்தப் பக்கம் சியாட்டில். அந்த வருடம் சீஹாக்ஸ் அணி விளையாடிய விதத்தில் ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆனால் ஆபீஸில் பாதிப் பேர் நீலமும் பச்சையுமாக ஜெர்சி போட்டு வருவார்கள், பஸ்ஸின் நெற்றியில்கூட அணியின் பெயர் ஓடும். 2014 பிப்ரவரி 2ஆம் தேதி சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் டென்வர் பிராங்கோஸை 43-8 என்று அடித்தார்கள். மூன்று நாள் கழித்து நடந்த வெற்றி ஊர்வலத்தில், ஃபோர்த் அவென்யூவில் அந்தக் குளிரில் லட்சக்கணக்கான ஜனங்களோடு நானும் நின்றேன். சொந்த ஊர் இல்லை, சொந்த விளையாட்டு இல்லை, ஆனாலும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்புறம் ப்ராஜெக்ட் முடிந்து சென்னைக்கு வந்துவிட்டேன். அணி மட்டும் கூடவே வந்துவிட்டது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி: மொத்தம் 32 அணிகள், செப்டம்பர் தொடங்கி ஜனவரி ஆரம்பம்வரை 18 வாரங்கள், ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டங்கள், நடுவில் ஒரு வாரம் ஓய்வு. அதில் தேறும் 14 அணிகள் ஜனவரி முழுக்க நாக்அவுட் ஆடும், பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு சூப்பர் பவுல். ஐபிஎல் மாதிரி தினமும் ஆட்டம் கிடையாது, ஒரு அணிக்கு வாரத்துக்கு ஒன்றுதான். அதனால்தான் ஒரு ஆட்டம் தவறினாலும் மனசு அடித்துக்கொள்கிறது. வருடத்துக்கே 17தானே.

இங்கிருந்து பார்ப்பதில் முதல் சிக்கல் நேரம். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் ராத்திரிகளை வேறு மாதிரி திட்டமிட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கிழக்குக் கரையில் மதியம் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ராத்திரி 10.30. அது பரவாயில்லை, முதல் பாதியாவது பார்த்துவிட்டுத் தூங்கலாம். அங்கே மாலை 4.25க்குத் தொடங்குவது நமக்கு நடுராத்திரி 1.55. ஞாயிறு இரவு ஆட்டம் திங்கள் விடியற்காலை 5.50, திங்கள் இரவு ஆட்டம் செவ்வாய் காலை 5.45. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், 10.30 என்பது 11.30 ஆகும், 1.55 என்பது 2.55 ஆகும். இதில் என்ன கொடுமை என்றால், மேற்குக் கரை அணிகள் சொந்த ஊரில் ஆடும் பகல் ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த 1.55, 2.55 கணக்கில்தான் வரும். சீஹாக்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ், ராம்ஸ், சார்ஜர்ஸ் எல்லாருக்கும் இதே கதி. இன்னும் எந்த அணி மீதும் மனசு வைக்காதவர் என்றால் நான் சொல்வது ஒன்றுதான், கிழக்குக் கரையிலோ நடு அமெரிக்காவிலோ ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஃபலோ, பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், பால்டிமோர் என்று எத்தனையோ இருக்கின்றன, அவர்களின் ஞாயிறு ஆட்டங்களில் நிறைய நமக்கு 10.30க்கே தொடங்கிவிடும். மனசு ஏற்கெனவே சியாட்டிலில் மாட்டிக்கொண்டவனுக்கு இந்த யோசனை பயன்படாது, எனக்குப் பயன்படவில்லை.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறவர்களுக்கு இன்னும் வேறு கணக்கு. அந்த மதிய ஆட்டம் அங்கே ராத்திரி 1 மணி, ஞாயிறு இரவு ஆட்டம் திங்கள் காலை 8.20, அதாவது ஆபீஸுக்குப் போகும் வழியில். லண்டனில் இருக்கும் நம்மவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள், ஞாயிறு மாலை 6 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடலாம். அவர்கள் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு வாரம். பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், அமெரிக்கா அதற்கு அடுத்த வாரம்தான் மாற்றும், நடுவில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஆட்டம் 5 மணிக்கே தொடங்கிவிடும். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. அக்டோபரில் லண்டனில் நடக்கும் ஆட்டங்கள் நமக்கு ஞாயிறு மாலை 7 மணி. குடும்பத்தோடு உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல நேரம் கிடையாது.

சரி, அந்த 2023 சீசனுக்கு வருகிறேன். அந்த வருடம்தான் வெளிநாட்டு ரசிகர்கள் இணையத்தில் ஆட்டம் பார்ப்பதற்கான கேம் பாஸ் சந்தா டசோன் (DAZN) என்ற தளத்துக்கு மாறியது. சந்தா கட்டிவிட்டு, எல்லா ஆட்டத்தையும் நேரலையில் பார்த்தே தீருவேன் என்று இறங்கினேன். செப்டம்பர் ஓடிவிட்டது, அக்டோபரும் எப்படியோ ஓடியது. நவம்பரில் 2.55 கணக்கு வந்ததும் உடம்பு சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒரு ஆட்டம் என்பது கணக்குக்கு நாலு குவார்ட்டர், மொத்தம் 60 நிமிடம், ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2.55க்குத் தொடங்கினால் முடியும்போது 6 தாண்டிவிடும், அப்புறம் குளித்துவிட்டு ஓஎம்ஆர் டிராஃபிக்கில் ஆபீஸ். திங்கட்கிழமை மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்பதே மதியத்துக்கு மேல் நினைவிருக்காது. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வருவார், ஹாலில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நிற்பார். "மணி மூணாகுதுடா, உடம்பு என்னத்துக்கு ஆகும்? அவங்க ஜெயிச்சா உனக்கு என்ன குடுக்கப்போறாங்க?" என்பார். "இதோ முடிஞ்சிடும்மா" என்பேன். அப்போது இரண்டாவது குவார்ட்டர்கூட முடிந்திருக்காது. அந்த நவம்பரில் அணியும் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது, அதில் ஒன்று நன்றி நவிலும் நாளன்று (தேங்க்ஸ்கிவிங்) சொந்த மைதானத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம். தோல்வியைப் பற்றிப் பேசப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை என்பதுதான் தூக்கமின்மையைவிட அதிகம் வருத்தியது. விடியற்காலையில் மடிக்கணினியை மூடும்போது வரும் அந்த வெறுமையை யாரிடம் சொல்வது?

இப்போது நான் வேறு மாதிரி பார்க்கிறேன், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நடுராத்திரி ஆட்டம் என்றால் விழித்திருப்பதே இல்லை. பத்து மணிக்குப் படுத்து, நாலரைக்கு எழுந்து, ஆட்டத்தை முதலிலிருந்து ஓடவிடுவேன். போன் வேறு அறையில் இருக்கும், ஃப்ளைட் மோடில். முடிவு தெரியாமல் பார்த்தால் நேரலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, விளம்பர இடைவெளிகளைத் தள்ளிக்கொண்டே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தும்விடும். அவ்வளவு நேரமும் இல்லையென்றால், பந்து ஆடப்படும் கணங்களை மட்டும் கோத்து 40 நிமிடமாகச் சுருக்கிய பதிப்பு கிடைக்கும். கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆப்பைத் திறந்ததுமே முகப்புப் படத்திலோ தலைப்பிலோ ஸ்கோர் கண்ணில் பட்டுவிடும். ஆப் அமைப்புகளில் ஸ்கோரை மறைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். யூடியூப் பக்கமே போகக்கூடாது, ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் ஹைலைட்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். நேரலையில் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றும் ஆட்டங்களை சீசன் தொடக்கத்திலேயே நாலைந்து என்று குறித்துக்கொண்டு, அடுத்த நாளுக்கு லீவு சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் காலையில்.

இனி பயணம். பத்து வருட விசா கையில் இருந்தது, லீவு சேர்ந்திருந்தது. மே மாதம் அட்டவணை வெளியானதும் உட்கார்ந்து பார்த்தேன். 15ஆம் வாரம், டிசம்பர் 17 ஞாயிறு, மதியம் 1.25, சியாட்டிலின் லூமன் ஃபீல்ட் மைதானத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன் ஆட்டம். ஈகிள்ஸ் முந்தைய பிப்ரவரியில் சூப்பர் பவுல் வரை போன அணி. வெள்ளி இரவு போய் இறங்குவது, சனி ஓய்வு, ஞாயிறு ஆட்டம், திங்கள் மாலை திரும்பும் விமானம். ஜூலையிலேயே விமானம், ஹோட்டல் எல்லாம் போட்டுவிட்டேன், ஆட்டத்தின் டிக்கெட்டை மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினேன். முதலில் காட்டிய விலை ஒன்று, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து கடைசிப் பக்கத்தில் வந்தது இன்னொன்று, மேல் அடுக்கு இருக்கை ஒன்றுக்கு 240 டாலர் ஆனது.

நவம்பர் முடிகிற நேரம் அந்த அறிவிப்பு வந்தது. ஞாயிறு ஆட்டம் திங்கள் இரவுக்கு மாற்றம், டிசம்பர் 18, சியாட்டில் நேரம் மாலை 5.15. என் விமானம் கிளம்பும் அதே மாலை.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ளெக்ஸ். டிவியில் இரவு ஆட்டத்துக்குத்தான் பார்வையாளர்கள் அதிகம், அங்கே சுவாரசியமில்லாத ஆட்டம் விழுந்துவிட்டால் விளம்பரக்காரர்களுக்கு நஷ்டம். அதனால் சீசன் போகிற போக்கைப் பார்த்து ஆட்டங்களை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையை லீக் வைத்திருக்கிறது. ஞாயிறு மதிய ஆட்டத்தை அதே ஞாயிறு இரவுக்கு மாற்றுவது பல வருடமாக நடப்பதுதான், அது நாளைத் தொடாது. நாளையே மாற்றி திங்கள் இரவுக்குத் தள்ளும் விதி 2023இல்தான் புதிதாக வந்தது, 12 முதல் 17ஆம் வாரம் வரை, 12 நாள் முன்னறிவிப்பு போதும் என்று. அந்த விதி முதல்முறையாகப் பயன்படுத்தப்பட்டது என் ஆட்டத்துக்கு. திங்கள் இரவு ஆடியிருக்க வேண்டிய கான்சஸ் சிட்டி - நியூ இங்கிலாந்து ஆட்டத்தை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிவிட்டு, எங்கள் ஆட்டத்தைத் திங்களுக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து ஊரிலிருந்து காரில் வருகிறவருக்கு ஒரு நாள் லீவோடு போகிற விஷயம். கடல் தாண்டி வருகிறவனைப் பற்றி அந்த விதியில் ஒரு வரி கிடையாது. டிக்கெட் விற்ற தளத்திலிருந்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது: நாள் மாறியிருக்கிறது, டிக்கெட் செல்லும், பணம் திருப்பித் தரப்படாது.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அன்றைக்கு ராத்திரியே விமானத்தை மாற்ற உட்கார்ந்தேன். அங்கேதான் உண்மையான அலைச்சல் தொடங்கியது. டிக்கெட் போட்டது ஒரு பயண இணையதளம் வழியாக. விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால், "ஏஜென்ட் போட்ட டிக்கெட், அவர்கள்தான் மாற்ற வேண்டும்" என்றார்கள். ஏஜென்ட் தளத்தைக் கூப்பிட்டால், அரை மணி நேரம் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு, "ஏர்லைன்ஸ் சம்மதம் வரணும் சார், 72 மணி நேரம் ஆகும்" என்றார்கள். 72 மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால் வேறு ஒருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குள் இருக்கைகள் தீர்ந்துகொண்டே இருந்தன. நான் யோசித்தே பார்க்காத ஒன்றை அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். டிசம்பர் மூன்றாவது வாரம் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகும் டிக்கெட்டாவது கிடைக்கும், அங்கிருந்து இந்தியா வரும் டிக்கெட்தான் தங்கம். பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் அங்கே இருக்கும் நம் ஜனங்கள் எல்லாரும் பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்புகிற வாரம் அது. மாற்றும் கட்டணம் சின்னதுதான், பழைய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டச் சொல்வதில்தான் அடி. செவ்வாய்க்கிழமை விமானத்தில் இடமே இல்லை. புதன்கிழமை கிடைத்தது, வித்தியாசம் 46,000 ரூபாய். ஹோட்டலில் கூட இரண்டு இரவு, வரியெல்லாம் சேர்த்து 32,000க்கு மேல். ஆபீஸில் கூடுதலாக எடுத்த லீவில் சம்பளப் பிடித்தம் தனி. ஆட்ட டிக்கெட்டின் விலையைப் போல நாலு மடங்கு, ஆட்டம் ஒரு நாள் நகர்ந்ததற்காக.

ஆகவே, போகிறவர்களுக்கு. டிசம்பர் ஆட்டத்துக்குப் போவதாக இருந்தால் ஞாயிறு என்று போட்டிருந்தாலும் வியாழன் முதல் திங்கள் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் விமானம் புதன்கிழமைக்கு முன்னால் வேண்டாம். சீசன் கடைசி வாரங்களில் சில ஆட்டங்களுக்கு நாளே குறிக்காமல் விட்டிருப்பார்கள். 18ஆம் வாரத்தை முந்தைய வாரம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். விமானத்தை விமான நிறுவனத்திடமே நேரடியாகப் போடுங்கள், இரண்டாயிரம் மூவாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை, மாற்ற வேண்டி வந்தால் ஒரே இடத்தில் பேசினால் போதும். ஹோட்டல் கடைசி நாள்வரை ரத்து செய்யும் வகையாக இருக்கட்டும். நாள் மாறவே மாறாத ஆட்டம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. முதல் நாலு வாரங்களில் ஃப்ளெக்ஸ் தொல்லை கிடையாது, செப்டம்பரில் குளிரும் இருக்காது. நவம்பர் நான்காவது வியாழன் நன்றி நவிலும் நாள் ஆட்டங்கள் அந்த நாளுக்கென்றே வைத்தவை, டெட்ராய்டும் டாலஸும் வருடம் தவறாமல் சொந்த ஊரில் ஆடும். லண்டன், ஜெர்மனி ஆட்டங்களும் நாள் மாறாது. லண்டன் ஆட்டங்கள் 2007இல் வெம்ப்லியில் தொடங்கின, இப்போது டாட்டன்ஹாம் மைதானத்திலும் கால்பந்துத் தரையை நகர்த்திவிட்டு அடியில் இருக்கும் செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள். ஐரோப்பாவில் இருக்கும் தமிழர்களுக்கு அமெரிக்கா போவதைவிட அது எவ்வளவோ சுலபம், டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். முன்பதிவுக்குப் பெயர் கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. பணம் ஜூலையில் கட்டிவிட்டாலும் டிக்கெட் நம் கைக்கு வருவது விற்றவர் அதை நம் கணக்குக்கு மாற்றும்போதுதான். எனக்கு சியாட்டில் போய் இறங்கியும் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பைக் பிளேஸ் மார்க்கெட்டில் நடந்தது மட்டும் நினைவிருக்கிறது, எதையும் ரசித்த மாதிரி நினைவில்லை. ஞாயிறு மாலைதான் வந்தது. வந்ததை உடனே போனின் வாலெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆப் ஒரு குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும், நம் இந்திய எண்ணில் ரோமிங் இல்லையென்றால் அது வந்து சேராது. ஆகவே அங்கே உள்ளூர் சிம் போட்டாலும் நம் எண்ணைக் குறைந்தபட்ச ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓடிபிக்கும் அதே எண்தானே. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும், வாசலில் ஏற்காது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள், பல மைதானங்களில் இப்போது ரொக்கமே வாங்குவதில்லை. பை விஷயத்தில் எல்லா மைதானத்துக்கும் ஒரே விதி: கையளவு சின்னப் பர்ஸைத் தவிர, உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி மாதிரிப் பைதான், அதுவும் 12 அங்குலத்துக்குள். என் முன்னால் வரிசையில் நின்ற ஒரு தம்பதியை முதுகுப்பையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்த அம்மா அழாத குறை. பை இல்லாமல் போவது உத்தமம்.

திங்கள் மாலை மூன்று மணிக்கே ஹோட்டலிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். பயனியர் ஸ்கொயர் வழியாகப் போனால் கூட்டமே வழி காட்டும். நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. மைதானத்தில் அந்த 12 என்ற எண் போட்ட கொடியை ஏற்றியதும் எழுந்த சத்தம் இருக்கிறதே, டிவியில் பத்து வருடம் கேட்டிருந்தாலும் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும் என்று நான் நினைத்ததில்லை. 12 என்பது களத்தில் இருக்கும் 11 பேருக்கு அடுத்த ஆளான ரசிகர்களுக்காக 1984இலேயே ஒதுக்கிய எண், எந்த வீரருக்கும் தரமாட்டார்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது எல்லாரும் கத்த வேண்டும், நம் அணியிடம் பந்து வந்தால் கப்பென்று அடங்க வேண்டும், அப்போதுதான் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சொல்வது மற்ற வீரர்களுக்குக் கேட்கும். தனியாகப் பார்த்த எனக்கு இது வீட்டில் புரிந்ததே இல்லை. பக்கத்து இருக்கையில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர், அணியின் பழைய மைதானமான கிங்டோம் காலத்திலிருந்தே வருகிறவராம். "இந்தியாவிலிருந்தா? இந்த ஆட்டத்துக்காகவா?" என்று இரண்டு முறை கேட்டார். நாள் மாறிய கதையைச் சொன்னதும் என் தோளில் கைபோட்டு, வரிசையில் இருந்த எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான் அங்கே தனியாள் இல்லை.

ஆட்டம் எங்களுக்குச் சரியாக அமையவில்லை. அணி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்று வந்திருந்தது, முதல் குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித் காயத்தால் ஆடவில்லை, மாற்றாள் ட்ரூ லாக் ஆடினார். கடைசியில் 17-13 என்று ஈகிள்ஸ் முன்னால். இரண்டு நிமிடம்கூட இல்லாத நிலையில் எங்கள் எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து 92 கெஜம் போக வேண்டும். சில பேர் கிளம்பிவிட்டார்கள். பெரியவர் என் முழங்கையைப் பிடித்து உட்கார்த்தினார், நான் எழுந்தது கிளம்புவதற்கு இல்லை, கால் தரிக்கவில்லை. நடுவில் டிகே மெட்காஃபுக்கு ஒரு நீண்ட பாஸ் போனது, மூச்சு வந்தது. அப்புறம் 29 கெஜத்திலிருந்து லாக் மூலைக்கு உயரமாகப் போட்ட பந்தை, அந்த வருடம்தான் அணிக்கு வந்த ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா ஓடிக்கொண்டே விரல் நுனியில் வாங்கி எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் விழுந்தார். 28 விநாடி மிச்சம். 20-17. ஈகிள்ஸ் கடைசியாக வீசியதை ஜூலியன் லவ் பறித்துக்கொண்டார், அவருக்கு அன்றைக்கு அது இரண்டாவது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியாது. பெரியவரின் கம்பளித் தொப்பி என் கையில் இருந்தது, அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த 80,000 ரூபாய்க்கு இது ஈடா என்று ஆபீஸில் கேட்டார்கள். பணம் பணம்தான், வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை, அடுத்த நாலு மாதம் அதை உணர்ந்தேன். ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திங்கள் மாலையே விமானம் ஏறியிருந்தால் இன்றுவரை மனசு ஆறியிருக்காது. அந்த சீசனில் சீஹாக்ஸ் 9 வெற்றி, 8 தோல்வியோடு நாக்அவுட்டுக்குள் நுழையாமலே நின்றது. ஜனவரியில் கடைசி ஆட்டத்தை அரிசோனாவில் 21-20 என்று ஜெயித்தும், அதே நேரத்தில் கிரீன் பே ஜெயித்ததால் வாய்ப்புப் போனது. சில நாட்களில் பீட் கேரலும் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து போய்விட்டார், 2014இல் கோப்பை வாங்கித் தந்தவர். நான் நேரில் பார்த்தது அவர் காலத்தின் கடைசி நல்ல இரவுகளில் ஒன்று என்பது அப்போது தெரியாது.

அடுத்த முறை போனால் செப்டம்பரில்தான் போவேன், விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் மேலே ஒரு 50,000 ரூபாயைத் தனியாக ஒதுக்கிவிட்டு. அட்டவணை மே மாதம் வரும். இந்தப் பக்கம் யாராவது போவதாக இருந்தால், டிக்கெட் போடும் முன் எந்த வாரம், எந்தக் கிழமை என்று எனக்கு எழுதுங்கள், ஃப்ளெக்ஸில் மாட்டுமா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.